மனைவி பேரில் கார், கணவர் லைசென்ஸ் சஸ்பெண்ட்

கேள்வி:

ஐயா, கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. எங்கள் கார் என் பேரில் இருக்கிறது. சீட்டு எடுத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு லோன் போட்டு வாங்கினோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பெரிய வீடுகள், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று சுற்றிக் காட்டுவதுதான் என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு. டிசம்பர் 4-ஆம் தேதி போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று போலீஸ் பிடித்து லைசென்ஸை வாங்கிக்கொண்டது. ஜனவரி 2 முதல் ஏப்ரல் 1 வரை சஸ்பெண்ட் என்று ஆர்டிஓ ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஜனவரி 7 அன்று தபாலில் வந்ததை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆனாலும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. "தை பொறந்தா முகூர்த்தம், இப்ப விட்டா எப்ப சம்பாதிக்கிறது?" என்கிறார். ஜனவரி 21 விடியற்காலை பள்ளத்தூர் ரோட்டில், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் சைக்கிளில் இடித்து, பாலத்துக் கட்டைச்சுவரிலும் மோதிவிட்டார். பால்காரருக்கு முழங்காலில் அடி. 3,000 ரூபாய் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். காருக்கு முன் பம்பர், ஹெட்லைட் என்று 38,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். என் தம்பி ஓட்டியதாக எழுதி கிளெய்ம் பண்ணிவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொல்கிறார். வீட்டுக்காரரோ, "பம்பர் டு பம்பர் போட்டிருக்கு, எது நடந்தாலும் இன்சூரன்ஸ் பாத்துக்கும்" என்கிறார். பாத்துக்குமா ஐயா? எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை பென்சிலால் அடிக்கோடு போட்டது ஒரே ஒரு வரிக்குத்தான்: "நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்." அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் போலீஸ் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நாம் பேச்சில் சஸ்பெண்ட் என்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் இதைத் தகுதி நீக்கம் என்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கவும் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது என்று அர்த்தம். அந்தக் காலம் முடிகிறவரை அந்த அட்டைக்கு உயிர் கிடையாது. அதை மீறி ஓட்டினால் 182-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் இதே குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய்தான். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலத்துக் கணக்கிலேயே இருக்கிறார் போலிருக்கிறது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5,000, தடை செய்த பிறகும் ஓட்டினால் 10,000. ரினீவல் செய்ய மறந்தவரையும், ஓட்டாதே என்று சொல்லியும் ஓட்டியவரையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. வழியில் பிடித்தால் காரையும் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், 207-ஆம் பிரிவில் அதற்கு அதிகாரம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிற விருந்தாளிகள் பெட்டியோடு ரோட்டில் நிற்பார்கள்.

இன்னொரு விஷயம், நம் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியாது. போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுக்கிறார்களே, அதை வைத்து ஓட்டலாம் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். சாதாரண கேஸ்களில் அது சரி. போன் பேசிக்கொண்டு ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, அதிவேகம், ஹெல்மெட் போடாதது போன்றவற்றில் லைசென்ஸைப் பறித்து ஆர்டிஓவுக்கு அனுப்பினால், அந்த ரசீது ஓட்ட அனுமதி ஆகாது என்று 2019 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது டிசம்பர் 4-லிருந்தே அவர் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கக் கூடாது. சரி, நடந்தது நடந்துவிட்டது. விபத்து நடந்தது உத்தரவு கைக்கு வந்து பதினாலு நாள் கழித்து. அந்தத் தேதியில் வாதாட எனக்கு இடமே இல்லை.

இன்சூரன்ஸுக்கு வருவோம். கார் டாஷ்போர்டுப் பெட்டியில் செருகி வைத்திருக்கும் பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். பேர், வண்டி நம்பர், என்ஜின் நம்பர் எல்லாம் தாண்டிக் கீழே, பொடி எழுத்தில், டிரைவர் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கும் என்றால், விபத்து நடக்கிற நேரத்தில் ஓட்டுகிறவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், அதை வைத்திருக்கவோ வாங்கவோ தகுதி நீக்கம் ஆனவராக அவர் இருக்கக் கூடாது. எந்தக் கம்பெனி பாலிசியானாலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். ஐந்து நிமிஷம் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் கிடைத்துவிடும். வீட்டுக்காரரிடம் நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

அந்த ஒரே பாலிசிக்குள் மூன்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் "இன்சூரன்ஸ் பாத்துக்கும்" என்ற பேச்சே வருகிறது.

முதல் கணக்கு, வெளியாருக்கு நேரும் பாதிப்பு. தேர்ட் பார்ட்டி என்கிறோமே, அது. பால்காரர் இந்தக் கணக்கில் வருகிறார். ரோட்டில் போகிறவர் பாவம், இடித்த வண்டியின் டிரைவருக்கு லைசென்ஸ் இருந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் இதில் நீதிமன்றங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. லைசென்ஸ் சரியில்லை என்றாலும், முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிடட்டும், பிறகு வண்டி ஓனரிடமிருந்து வசூல் செய்துகொள்ளட்டும் என்று விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயம் உத்தரவு போடும். கோர்ட் வராந்தாவில் இதற்குப் பேரே "பே அண்ட் ரெகவர்". 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஸ்வரண் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை.

அந்தத் தீர்ப்பு ஓனருக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் கம்பெனி தப்பித்துக்கொள்ள முடியாது. ஓனர் தெரிந்தே, அல்லது பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதால்தான் அவர் ஓட்டினார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். டிரைவர் போலி லைசென்ஸைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தார், ஓனர் நல்ல நம்பிக்கையில் வைத்துக்கொண்டார் என்றால் ஓனர் தப்பிப்பார். எத்தனையோ ஓனர்களை இந்தக் கதவு வழியாக நானே வெளியே கூட்டி வந்திருக்கிறேன்.

உங்களை அந்த வழியில் கூட்டி வர முடியாது அம்மா. காரணம், அந்தக் கையெழுத்து. உத்தரவு வீட்டுக்கு வந்தது, போஸ்ட்மேன் நீட்டிய இடத்தில் கார் ஓனரான நீங்களே பேர் எழுதி வாங்கினீர்கள். "என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது எனக்குத் தெரியாது" என்று எந்தக் கூண்டில் ஏறிச் சொல்வீர்கள்? கம்பெனி வக்கீல் தபால் ஆபீஸ் சான்றை ஒரு தாளில் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். குறுக்கு விசாரணைக்குக்கூட அவருக்கு அவசியம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும், தேவகோட்டைப் பக்கம். கார் ஒரு ஆச்சி பேரில். ஓட்டியது உறவுக்காரப் பையன். குடித்துவிட்டு ஓட்டியதற்காக அவன் லைசென்ஸ் தடையில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விபத்தில் ஒரு கொத்தனார் இறந்துபோனார். கம்பெனி பணத்தைக் கட்டியது, ஓனரிடம் வசூலிக்க உத்தரவும் வாங்கியது. அதற்குத் தனியாகக் கேஸ் போடக்கூடத் தேவையில்லை, அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும். விபத்து நடந்து நாலு வருஷம் கழித்து ஒரு நாள் முற்பகலில் கோர்ட் அமீனா அந்த வீட்டுக்குப் போனார். முகப்பில் தோல் பையோடு நிற்கிறவரைப் பார்த்த ஆச்சி, கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொல்லி நீர்மோர் கொண்டு வந்து கொடுத்தார்கள். அவர் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஜப்தி வாரண்டை எடுத்தார். காரை ஓட்டிய பையன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அந்த வழக்கில் கம்பெனி தரப்பு வக்கீல் நான்தான். இப்போதும் அந்தத் தெருவில் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

எவ்வளவு வரும் என்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆத்தங்குடிக் கல் போடுகிற தொழிலாளி ஒருவர், வயது 32, மாதம் 15,000 சம்பாதிக்கிறார், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. எதிர்காலத்தில் வருமானம் கூடும் என்று அதில் 40 சதவீதம் சேர்ப்பார்கள், 2,52,000 ஆகிறது. அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று கால் பங்கைக் கழித்தால் 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. பெருக்கிப் பாருங்கள்: 30,24,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தாரின் இழப்பு என்று சில தலைப்புகளில் தருவது இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டி அதற்கும் மேல். தினக்கூலிக்காரருக்கே இவ்வளவு. முகூர்த்த நாளில் ஒரு டிரிப்புக்கு உங்கள் வீட்டுக்காரர் என்ன வாங்குகிறார் என்று எனக்குத் தெரியாது. அது எவ்வளவாக இருந்தாலும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வராது. வசூல் வந்தால் கார் மட்டும் போகாது, பூர்வீக வீட்டில் உங்கள் பேருக்குப் பங்கு ஏதாவது இருந்தால் அதுவும் பட்டியலில் ஏறும்.

இது போக, ஓட்டத் தகுதியில்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்ததற்கு உங்கள் மேலேயே தனிக் குற்றம் இருக்கிறது. 180-ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 அபராதம், அல்லது இரண்டும். "நான் கொடுக்கவில்லை, அவராக எடுத்துப் போனார்" என்று சொல்லலாம்தான். ஆனால் சாவி எங்கே தொங்கியது என்று கேட்பார்கள்.

கிரிமினல் கேஸைப் பற்றியும் இரண்டு வரி. அஜாக்கிரதையால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. பலத்த காயம் என்றால் 125-ல் மூன்று வருஷம் வரை. லைசென்ஸ் தடையில் இருந்தது என்பதாலேயே அஜாக்கிரதை நிரூபணமாகிவிடாது. ஆனால் போன் பேசி ஓட்டியதற்குத் தடை வாங்கியவர் அதே மாதத்தில் இடித்தார் என்று அரசுத் தரப்பு சொல்லும்போது, நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

இரண்டாவது கணக்கு, உங்கள் காருக்கு நேர்ந்த சேதம். 38,000 எஸ்டிமேட். இதற்கு ஒரு பைசா வராது. மேலே சொன்ன கருணையெல்லாம் ரோட்டில் போகிற வெளியாருக்காக ஏற்பட்டது, ஓனர் தன் சொந்தச் சேதத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. சொந்தச் சேதம் என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் டிரைவர் வரியை நீங்கள் மீறிவிட்டீர்கள். பம்பர் டு பம்பர் என்பது பழைய பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவார்கள் என்பதற்கான பேர். எது நடந்தாலும் தருவார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பேரை வைத்தவர் நல்ல வியாபாரி.

தம்பி ஓட்டினதாக எழுதலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கிளெய்ம் படிவத்தில் டிரைவர் பேர், லைசென்ஸ் நம்பர், எங்கிருந்து எங்கே போனார், வண்டியில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கும். சர்வேயர் வந்து உங்கள் தம்பியை உட்கார வைத்துப் பேசுவார். விடியற்காலை ஐந்தரைக்குத் தம்பி போன் எந்த டவரில் இருந்தது, பால்காரர் யார் பேரைச் சொல்கிறார், வழியில் எந்தக் கடை கேமராவில் யார் முகம் தெரிகிறது என்று போனால் கதை அரை நாள் தாங்காது. கிளெய்ம் போவது ஒரு பக்கம், மோசடி வழக்கு மறுபக்கம். இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நாளைக்குப் பால்காரர் முழங்கால் மோசமாகி அவர் கேஸ் போட்டால், "ஓட்டியது நான்தான்" என்று எழுத்தில் கொடுத்த உங்கள் தம்பிதான் முதல் குற்றவாளி. 38,000 ரூபாய்க்கு அக்காவும் மச்சானும் சேர்ந்து தம்பியைக் கோர்ட் படி ஏற்றிவிட்டதாக ஆகும். அந்த யோசனை சொன்னவர் சாட்சிக்கு வரமாட்டார், அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

மூன்றாவது கணக்கு, ஓட்டுகிறவருக்கே ஏதாவது ஆனால். இதில் உங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை ஏமாறுகிறார். பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கலாம். அது ஓனர் ஓட்டும்போது ஓனருக்கு. ஓனர் நீங்கள். லைசென்ஸ் நல்லபடியாக இருந்த காலத்திலும் அந்த 15 லட்சம் அவருக்கு எழுதப்பட்டதில்லை. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் உங்களுக்கும் அது பயன்படாது, அதற்குக் கட்டும் பிரீமியம் வீண். அடுத்த ரினீவலில் ஏஜெண்டிடம் இதைக் கேளுங்கள். அவருக்கென்று தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்து வைப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கார் மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா? நீங்கள் லோன் போட்டு உங்கள் பேரில் எடுத்த விதத்தைப் பார்த்தால் சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த வெள்ளை போர்டாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் லைசென்ஸ் திரும்பி வந்த பிறகும் உங்கள் தலைவலி தீராது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது தனிக் குற்றம், முதல் தடவைக்கே 10,000 அபராதம். வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் கம்பெனிக்குக் கையை விரிக்க இன்னொரு காரணமும் கிடைக்கும். தடை முடிகிறவரை உள்ள நாளை வீணாக்காமல், டி போர்டாக, அதாவது மஞ்சள் போர்டு வாடகை வண்டியாக மாற்றவும் பாலிசியை அதற்கேற்ப மாற்றவும் என்ன செலவு என்று விசாரியுங்கள். மூலதனம் கொஞ்சம் போகும். நம் ஊருக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் குறையப் போவதில்லை, அதனால் அது திரும்பி வந்துவிடும்.

ஒரே ஒரு ஆறுதல். தடைக் காலத்தில் அவர் ஓட்டும்போது வேறு ஒருவன் வந்து இடித்துவிட்டால், லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவருக்கு வரவேண்டிய நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது. தவறு யார் மேல் என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லாதீர்கள், தைரியம் வந்துவிடும்.

இனிமேல் செய்ய வேண்டியது. உத்தரவை மறுபடி எடுத்துப் பாருங்கள், எந்த வகை வண்டிகளுக்குத் தடை என்று எழுதியிருக்கும். எல்லா வகைக்கும் என்றிருந்தால் பைக்கும் சேர்த்திதான். காரை நிறுத்திவிட்டு பைக்கில் காரைக்குடி போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று டூப்ளிகேட் எடுக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். தடையை மறைத்து விண்ணப்பித்தாலே அதே 182-ஆம் பிரிவு. போனில் டிஜிலாக்கரில் இருக்கும் படத்தைக் காட்டினால் போதும் என்பதும் வேண்டாம், போலீஸ்காரர் கையிலுள்ள கருவியில், லைசென்ஸ் விவரங்களை வைத்திருக்கும் அரசின் சாரதி இணையதளத்துத் தகவல் வரும்.

உத்தரவு நியாயமில்லை என்று அவர் நினைத்தால் அப்பீல் இருக்கிறது. கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள், உங்கள் கணக்கில் பிப்ரவரி 6. லைசென்ஸை நிறுத்துமுன் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களா என்பது முக்கியம், சட்டப்படி கேட்க வேண்டும். கேட்காமலே உத்தரவு போட்டிருந்தால் அது நல்ல பாயிண்ட். நோட்டீஸ் வந்து இவர் போகாமல் இருந்திருந்தால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அப்பீல் போட்டதாலேயே வண்டி எடுக்கலாம் என்று ஆகாது, தடையை நிறுத்தி வைத்து உத்தரவு வாங்கினால்தான் உண்டு. என்னைக் கேட்டால், ஏப்ரல் 1 ஒன்றும் தூரமில்லை. அந்தச் செலவை அப்பீலில் போடாமல் ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்கலாம். டிரைவருக்கு பேட்டா போக மிச்சம் குறைவாகத்தான் நிற்கும், ஆனாலும் வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகமாட்டார்கள். வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெரிய வீடுகளின் கதையைச் சொல்லட்டும். அவருடைய சரக்கே அதுதானே. ஆக்டிங் டிரைவரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன அந்தக் கதவு அப்போது உங்களுக்குத் திறந்திருக்கும். தடை முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் தபாலில் வந்துவிடாது, புத்தாக்கப் பயிற்சி ஒன்றை முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். அதை மார்ச்சிலேயே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். போன் விஷயத்தில் இன்னொரு தடவை மாட்டினால் மூன்று மாதத்தோடு நிற்காது, லைசென்ஸையே ரத்து செய்ய வழி இருக்கிறது. ரத்தானவர் பேரை ஊரறிய வெளியிடவும் சட்டத்தில் இடம் உண்டு.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் வரிசையாகப் போகிற சமயம் இது. அதையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சட்டத்துக்கு மசியாதவர் அதற்கு மசியலாம்.

காரைச் சொந்தச் செலவில் ரிப்பேர் செய்துகொள்ளுங்கள். கிளெய்ம் வேண்டாம். ஆனால் விபத்து நடந்ததைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், யார் ஓட்டினார் என்பதையும் உள்ளபடி எழுதி. இப்போது மறைத்து, பிறகு பால்காரர் மனு போட்டு நோட்டீஸ் வரும்போது கம்பெனிக்குத் தெரிந்தால், அது இன்னொரு மீறல் ஆகும். விபத்து நடந்தால் போலீஸுக்குத் தெரிவிக்கவும், அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கவும் டிரைவருக்குக் கடமை இருக்கிறது. இருபத்திநாலு மணி நேரக் கெடு தாண்டிவிட்டது என்றாலும், ஒரு வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்வது நல்லது. அதைக் கடிதத்தில் எழுதுவதைவிட நேரில் பேச வேண்டும்.

அந்த வெள்ளைத்தாள் கையெழுத்தை நம்பாதீர்கள். 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டதால் அவர் உரிமை போய்விடாது, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள், அதாவது ஜூலை 21 வரை, மனு போடலாம் என்பது சட்டத்தில் உள்ள கெடு. மனுவைத் தடுக்க நான் வழி சொல்லப் போவதில்லை. முழங்கால் அடி வெளியே சிராய்ப்பாகத் தெரிந்து உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தால், தினமும் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற மனுஷனுக்கு அது பிழைப்பே போகிற காரியம். எக்ஸ்ரே எடுத்தாரா, எங்கே காட்டினார் என்று கடிதத்தில் ஒன்றுமே இல்லை. நாளைக் காலை அவர் பால் ஊற்ற வரும்போது நீங்களே வாசலுக்குப் போய்க் கேளுங்கள். அவர் வரவில்லை, அவருடைய மகன்தான் வருகிறான் என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.